பிள்ளையின் ஈரல் கொழுப்பு: முதலில் நிறுத்தியது இனிப்புப் பானம்

ஸ்கேனில் ஈரல் கொழுப்பு என்று வந்ததும் முதலில் கைவைத்தது பானத்தில்தான். 100 மில்லிக்கு 10 கிராம் சீனி என்று போட்டிருந்தால் 200 மில்லிப் பக்கெற்றில் 20 கிராம், ஐந்து தேக்கரண்டி! சீனியில் பாதி புருக்டோஸ், அது அதிகமானால் ஈரல் கொழுப்பாக மாற்றிவிடும். பழச்சாறும் அப்படித்தான், பழமாகவே கொடுங்கள். பின்னேரம் ரோல்ஸுக்குப் பதில் அவித்த கடலை, சீனியில்லாத தேத்தண்ணி. காலிமுகத் திடலில் தினமும் ஒரு மணித்தியாலம் வியர்க்க ஓட்டம்.

பட்டினி போடாதீர்கள். வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் கூடும்போது சரியாகும்.

ஏஎல்டி (ஈரல் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அறிக்கையில் 40 வரை சாதாரணம் என்று இருக்கும். அது பெரியவர்களின் கணக்கு. ஆண் பிள்ளைக்கு 26, பெண் பிள்ளைக்கு 22. மூன்று மாதத்தில் திரும்பப் பாருங்கள். இறங்காவிட்டால் வில்சன் நோய் (ஈரலில் செம்பு சேரும் நோய்), ஈரலழற்சிப் பரிசோதனைகளை வைத்தியரிடம் கேளுங்கள். ஈரல் ரொனிக் வீண் செலவு.