இன்ஜுடிஷஸ்: எங்கே, எப்படி எழுதுவது

பினாங்கில், மலேசியப் பல்கலைக்கழகங்களுக்கான ஆங்கிலத் தேர்வான மூயெட்டுக்காக என்னிடம் கட்டுரை எழுதிப் பழகும் மாணவர்கள், யாரோ ஒருவர் எடுத்த தவறான முடிவைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஸ்டூப்பிட் என்றோ ஃபூலிஷ் என்றோ எழுதிவிடுகிறார்கள். அவை ஆளையே மட்டம் தட்டும் சொற்கள். செய்தவரின் அறிவைப் பழிக்காமல், அந்த ஒரு காரியத்தில் அவர் சீர்தூக்கிப் பார்க்கத் தவறினார் என்று மட்டும் சொல்வதற்கு உரிய பெயரடை இன்ஜுடிஷஸ் (injudicious).

தீர்ப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ஜுடிஷஸ் என்பதன் எதிர்ச்சொல் இது; ஜட்ஜ் என்பதும் இதே குடும்பத்துச் சொல்தான். எழுத்துக்கூட்டலில் தடுமாறுகிறவர்கள் டெலிஷஸ் (delicious) என்பதை நினைத்துக்கொண்டால் போதும், ஏனெனில் இரண்டுக்கும் கடைசி ஆறு எழுத்துகள் ஒன்றே.

அகராதிகள் தரும் 'விவேகமற்ற' என்ற பொருள் சரியானதே என்றாலும், பேச்சைக் குறிக்கும்போது 'இடம் பொருள் ஏவல் அறியாத' என்பதும், முடிவைக் குறிக்கும்போது 'தீர ஆராயாத' என்பதும் இன்னும் நெருங்கி வருகின்றன. மலாயில் தீடாக் பிஜாக்சானா என்போமே, ஏறத்தாழ அதே தொனி. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் வாசல்வரை காரிலேயே போய்விடலாம் என்று கிளம்புவது இன்ஜுடிஷஸ். ஓய்வுபெற்றதும் கைக்கு வந்த சேமநிதிப் பணம் முழுவதையும் நண்பர் தொடங்கும் ஒரே உணவகத்தில் போடுவதும் அப்படியே.

இரண்டாவது எடுத்துக்காட்டுக்கு இம்ப்ரூடண்ட் என்றும் எழுதலாம், ஆனால் அதில் பின்னால் வரப்போவதை எண்ணிப் பார்க்காத குறையே முன்னே நிற்கும். ரேஷ் என்றால் அவசரம் இருந்தாக வேண்டும். ஆறு மாதம் யோசித்து எடுத்த முடிவுகூட இன்ஜுடிஷஸ் ஆக முடியும் என்பதால் இந்த வேறுபாட்டை நான் வகுப்பில் விடாமல் வலியுறுத்துகிறேன். வெளியே சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டால் அது இண்டிஸ்கிரீட். நாளிதழ்களில் அடிக்கடி காணும் ஜுடிஷல் என்பதோ நீதிமன்றம் சார்ந்தது. அதற்கும் விவேகத்துக்கும் தொடர்பில்லை. ஜுடிஷல் டிசிஷன் என்று எழுதிவிட்டு அறிவார்ந்த முடிவு என்று பொருள்கொண்ட கட்டுரைகளை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

வாக்கியத்தில் இதைப் பெரும்பாலும் ரிமார்க், டிசிஷன், இன்வெஸ்ட்மெண்ட் போன்ற பெயர்ச்சொற்களுக்கு முன்னால் வைக்கிறோம். உயிரொலியில் தொடங்குவதால் 'ஆன் இன்ஜுடிஷஸ் ரிமார்க்' என்றுதான் வரும். ஒருவரை எச்சரிக்கும்போது 'இட் வுட் பி இன்ஜுடிஷஸ் டு' என்று தொடங்கி, அதன்பின் வினைச்சொல்லைச் சேர்க்கலாம். ஆளைச் சுட்டி எழுத நேர்ந்தால், எந்த விஷயத்தில் தவறினார் என்பதையும் 'இன்' சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் குறை அவருடைய குணத்தின் மேலேயே போய் விழும்.

இது எழுத்துநடைச் சொல். நாசி கண்டார் சோற்றுக்கடையில் நண்பரிடம் பேசும்போது அன்வைஸ் என்பதே போதும். மேலதிகாரியின் முடிவில் குறை காண வேண்டிய அலுவலகக் கடிதத்திலோ, சங்கத்தின் ஆண்டறிக்கையிலோ இன்ஜுடிஷஸ் என்று எழுதினால், சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிடும். படிப்பவர் முகம் சுளிக்கவும் மாட்டார்.