மடுவத்து நிறுவையும் ஒரு இன்டிகேட்டரும்: சார்ட்டுக்கு நீங்களே எழுதும் முதல் நிரல்

பங்கு விலைச் சார்ட்டைத் திறந்த கையோடு ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி, போலிஞ்சர் என்று நாலைந்து இன்டிகேட்டர்களை, அதாவது விலையையோ கைமாறிய அளவையோ வைத்துக் கணக்குப் போட்டு வரையும் கோடுகளை, அள்ளிப் போட்டுவிட்டு, எந்தக் கோடு எதைச் சொல்கிறது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த ஆள்தான் நானும். ஒன்றை நானே எழுதிப் பார்த்த பிறகுதான் விளங்கியது, இதெல்லாம் கூட்டல், கழித்தல், வகுத்தல்தான். ஆர்எஸ்ஐயை 1978இல் வெளியிட்ட வெல்ஸ் வைல்டர் ஒரு இயந்திரப் பொறியியலாளர்; அவர் தந்த கணக்குகளைக் கால்குலேட்டரும் காகிதமும் வைத்துப் போட்டுவிடலாம். நாமும் காகிதத்தில்தான் தொடங்கப் போகிறோம்.

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான், அம்மா கொழுந்து எடுத்தவர். அதனால் எனக்குத் தெரிந்த உதாரணம் மடுவத்துத் தராசுதான், மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் இடம். அம்மா ஐந்து நாளில் எடுத்த கொழுந்து 16, 18, 17, 19, 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 90, ஐந்தால் வகுத்தால் 18. அதுதான் அவருடைய வழமை. ஆறாம் நாள், மழை விட்டு நல்ல வெயில், 36 கிலோ. 36ஐ 18ஆல் வகுத்தால் 2. வழமையைப் போல இரண்டு மடங்கு. நாம் எழுதப் போகும் இன்டிகேட்டர் இவ்வளவுதான், கொழுந்துக் கிலோவுக்குப் பதிலாக அன்றைக்குக் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, அதாவது வொல்யூம்.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்த பொறி. சராசரி எடுக்கும்போது இன்றைய 36ஐயும் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? கடைசி ஐந்து நாள் 18, 17, 19, 20, 36. கூட்டினால் 110, சராசரி 22. 36ஐ 22ஆல் வகுத்தால் 1.64தான். இரண்டு மடங்கு வந்தால் சொல் என்று வைத்திருந்தால் அது வாயே திறக்காது. ஐந்து நாள் குறைவு, இருபது நாள் எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கலாம், அதுவும் இல்லை: முந்தைய 19 நாளும் 18, இன்று 36 என்றால் சராசரி 18.9, விடை 1.90. இன்னும் வேடிக்கை, இன்றைய நாளையும் சேர்த்து ஐந்து நாள் சராசரி எடுத்தால் விடை எந்தக் காலத்திலும் 5ஐத் தாண்டாது, ஒரே நாளில் மலையே புரண்டாலும் சரி. இன்றைய ஆளை நேற்று வரையான வழமையோடுதான் ஒப்பிட வேண்டும், ஆளையே அளவுகோலுக்குள் திணிக்கக் கூடாது.

சரி, இனி நிரல். டிரேடிங்வியூ என்ற சார்ட் இணையதளத்தில் ஒரு கணக்கைத் திறந்து ஏதாவது ஒரு பங்கின் தினசரி சார்ட்டை எடுங்கள். கொழும்புச் சந்தைப் பங்கென்றால் குறியீட்டின் கடைசியில் என்0000 என்று இருப்பது வாக்குரிமையுள்ள சாதாரணப் பங்கு, எக்ஸ்0000 என்று இருப்பது வாக்குரிமை இல்லாதது. இரண்டுக்கும் வொல்யூம் தனித்தனி, மாற்றி எடுத்துவிட வேண்டாம். அப்புறம் அதிலேயே நிரல் எழுதும் இடமான பைன் எடிட்டரைத் திறங்கள். கொம்பியூட்டரில் செய்வதுதான் வசதி, போனில் இதைச் செய்வது கண்ணுக்குத் தண்டனை. கீழே உள்ள வரிகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், ஆனால் எடிட்டரில் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்திலேயே தட்ட வேண்டும் (version, indicator, input.int, ta.sma, volume, plot என்று). நீளம், வழமை, விகிதம், நிறம் ஆகிய நான்கும் நான் வைத்த பெயர்கள், நீங்கள் ஆங்கில எழுத்தில் எதையும் வைத்துக்கொள்ளலாம், இடைவெளி வரக் கூடாது, எண்ணில் தொடங்கக் கூடாது, நிரலில் ஏற்கெனவே உள்ள சொல்லாகவும் இருக்கக் கூடாது. மேற்கோள் குறிக்குள் இருப்பதைத் தமிழிலேயே விடலாம், சார்ட்டில் தமிழிலேயே தெரியும், அது ஒரு தனி சந்தோஷம்.

//@வெர்ஷன்=6
இன்டிகேட்டர்("என் நிறுவை")
நீளம் = இன்புட்.இன்ட்(20, "எத்தனை நாள்")
வழமை = டிஏ.எஸ்எம்ஏ(வொல்யூம், நீளம்)[1]
விகிதம் = வொல்யூம் / வழமை
ப்ளொட்(விகிதம்)

முதல் வரி எந்தப் பதிப்பு என்று சொல்கிறது. இரண்டாவது பெயர் வைக்கிறது. வேறொன்றும் சொல்லாவிட்டால் கோடு விலைக்குக் கீழே தனிக் கட்டத்தில் வரும், நமக்கு அதுதான் தேவை, ஏனென்றால் 100 ரூபாய் விலையும் 2 என்ற விகிதமும் ஒரே கட்டத்தில் கிடந்தால் இரண்டையும் பார்க்க முடியாது. மூன்றாவது வரியால் அமைப்புகளில் ஒரு பெட்டி வரும், 20ஐ மாற்றிப் பார்க்கலாம்.

நான்காவது வரிதான் உயிர். எஸ்எம்ஏ என்பது சாதாரண நகரும் சராசரி. அதன் வாலில் உள்ள [1] என்பது 'ஒரு பார் முந்தியது' என்று அர்த்தம், தினசரி சார்ட்டில் ஒரு பார் என்றால் சந்தை நடந்த ஒரு நாள். அதாவது நேற்று நின்று பார்த்தால் சராசரி எவ்வளவோ அவ்வளவு. மடுவத்துக் கணக்கில் நாம் பார்த்த பொறியை இந்த மூன்று எழுத்துத்தான் அடைக்கிறது. பைத்தனில் பாண்டாஸ் பழகியவர்களுக்கு இது ஷிஃப்ட்(1) போடுவது மாதிரி.

பள்ளியில் நிரல் படித்தவர்கள் உடனே 'லூப் எங்கே?', திரும்பத் திரும்ப ஓட்டும் கட்டளை எங்கே, என்று கேட்பார்கள். தேவையில்லை. இந்த ஆறு வரியையும் சார்ட்டின் இடது ஓரத்துப் பழைய பாரில் தொடங்கி ஒவ்வொரு பாருக்கும் ஒரு தரம் என்று வலது பக்கம் வரை அதுவே ஓட்டிக்கொண்டு போகும். கணக்குப்பிள்ளை ஒவ்வொரு கூடையாகத் தராசில் வைப்பது போல. அதனால்தான் முதல் 20 பாரில் கோடே இருக்காது, பின்னால் பார்க்க அதற்கு நாள் போதாது. அதைப் பிழை என்று நினைத்து ஒரு மணித்தியாலம் வீணாக்கியிருக்கிறேன்.

சார்ட்டில் சேர்த்துவிட்டீர்களா? நம்ப வேண்டாம், சரிபாருங்கள். அமைப்பில் 20ஐ 3 ஆக்குங்கள். ஏதாவது ஒரு நாளைத் தேர்ந்து, அதற்கு முந்தைய மூன்று நாள் வொல்யூமைக் கால்குலேட்டரில் கூட்டி மூன்றால் வகுத்து, அந்த நாளின் வொல்யூமை அதனால் வகுங்கள். கட்டத்தில் தெரியும் எண்ணும் உங்கள் எண்ணும் ஒன்றாக இருந்தால் 20க்குத் திரும்புங்கள். ஒன்றாக இல்லை என்றால் பத்துக்கு ஒன்பது தடவை அந்த [1] விடுபட்டிருக்கும்.

இப்போது இரண்டாவது பொறி, பணத்தைக் கடிப்பது இதுதான். கொழும்புச் சந்தை காலை 9.30க்குத் தொடங்கி பிற்பகல் 2.30க்கு முடிகிறது. ஒரு நாள் பதினொரு மணிபோல, பனி இறங்கி போன் சிக்னல் வந்து வந்து போய்க்கொண்டிருக்க, நான் கவனித்துவந்த பங்கு ஒன்றில் விகிதம் 0.4 என்று பார்த்துவிட்டு 'தூங்குகிறது' என்று மூடி வைத்தேன். சாயங்காலம் திறந்தால் 2.6. இன்டிகேட்டர் பொய் சொல்லவில்லை, நான்தான் அரை நாள் வொல்யூமை முழு நாள் சராசரியோடு ஒப்பிட்டேன். காலை நிறுவையை மட்டும் பார்த்துவிட்டு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்ட மாதிரி! மடுவத்தில் அந்தி நிறுவை முடியாமல் யாரும் அன்றைய கிலோவைப் பேசமாட்டார்கள். ஆகவே முடியாத பாரைச் சாம்பல் நிறத்தில் காட்டச் சொல்லுவோம். கடைசி வரியை அழித்துவிட்டு இந்த மூன்றையும் போடுங்கள் (ஆங்கிலத்தில் barstate.isconfirmed, color.orange, color.teal, color.gray, style, plot.style_columns, hline):

நிறம் = பார்ஸ்டேட்.இஸ்கன்ஃபர்ம்ட் ? (விகிதம் >= 2 ? கலர்.ஆரஞ்ச் : கலர்.டீல்) : கலர்.கிரே
ப்ளொட்(விகிதம், கலர்=நிறம், ஸ்டைல்=ப்ளொட்.ஸ்டைல்_காலம்ஸ்)
ஹெச்லைன்(1)

கேள்விக்குறிக்கு முன்னால் உள்ளது நிபந்தனை, அது சரியென்றால் கேள்விக்குறிக்கும் முக்காற்புள்ளிக்கும் நடுவில் இருப்பது, இல்லையென்றால் முக்காற்புள்ளிக்குப் பிறகு இருப்பது. பார் முடிந்துவிட்டதா? ஆம் என்றால், இரண்டு மடங்கைத் தொட்டதா என்று பார்த்து ஆரஞ்சோ டீலோ (நீலப்பச்சை). இல்லை என்றால் சாம்பல். அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். ஹெச்லைன் வழமையின் இடத்தில், அதாவது 1இல், ஒரு கோடு போடுகிறது. அம்மாவிடம் காட்டினேன், சாம்பல் பாரைப் பார்த்து "இது இன்னும் நிறுக்கலயா?" என்றார். ஐந்து நிமிடத்தில் அவருக்கு விளங்கியது எனக்கு விளங்க ஒரு மாதம் போனது.

20 என்பது 20 பார், நாட்காட்டியில் 20 நாள் இல்லை. சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) எல்லாம் கழிந்து அது ஏறக்குறைய ஒரு மாதம். 2020 மார்ச்சில் மூடிய சந்தை மே 11தான் திறந்தது, 2022 ஏப்ரலில் 18 முதல் 22 வரை மூடிக் கிடந்தது. சார்ட்டில் அந்த இடைவெளிகளின் இரு பக்கத்துப் பார்களும் ஒட்டிக்கொண்டு நிற்கும், மூடுவதற்கு முந்தைய வழமையோடு திறந்த பிறகான நாளை ஒப்பிட்டு இன்டிகேட்டர் ஏதோ சொல்லும். அந்த இடங்களைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

ஆரஞ்சு வந்தால் வாங்கு என்று அர்த்தம் இல்லை, விற்பவர்கள் குவிந்தாலும் ஆரஞ்சுதான். கைமாறியது கூடியிருக்கிறது, அவ்வளவே. நம் ஊர்த் தோட்டக் கம்பனிப் பங்குகள் மாதிரி மெல்லக் கைமாறுபவற்றில் யாரோ ஒரே ஆள் ஒரு பெரிய தொகையை விற்றாலே பார் கூரையைத் தொடும். அதற்குப் பிறகுதான் தொல்லை: வழமை 18ஆக இருந்த இடத்தில் ஒரே ஒரு நாள் 360 வந்தால் 20 நாள் சராசரி 35.1 ஆகிவிடும், அடுத்த 20 பார் முழுக்க சாதாரண நாளெல்லாம் 0.51 என்று செத்துக் கிடப்பது போலத் தெரியும், 21ஆவது பாரில் எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று 1க்கு எழும்பும்.

இதற்கு மருந்து ஒரு சொல் மாற்றம். நான்காவது வரியில் எஸ்எம்ஏ என்பதை மீடியன் (median) என்று மாற்றுங்கள், சராசரிக்குப் பதிலாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுக்கும். அந்த 360 வந்தாலும் நடு எண் 18தான். பழையதை அழிக்காமல் வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து, இரண்டையும் மேலும் கீழுமாகச் சார்ட்டில் போட்டு, நீங்கள் பார்க்கும் பங்கில் எங்கெங்கே இரண்டும் பிரிகின்றன என்று ஒரு வருடத்துக்குப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். அந்த இடங்களில் பலவற்றில் யாரோ ஒருவர் பெரிய மூட்டையை இறக்கியிருக்கலாம்.