பாலாற்றங்கரை தர்காக்களும் கபர்களும்: போகும் முன் தெரிய வேண்டியவை

மைசூர் மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கிய பழைய பாதை வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு என்று பாலாற்றை ஒட்டியே வருகிறது. இன்றைய பெங்களூரு–சென்னை நெடுஞ்சாலையும் ஏறக்குறைய அதே தடம்தான். பிஜாப்பூர் மாதிரி பிரம்மாண்டமான கும்மட்டங்களை எதிர்பார்த்து வராதீர்கள். இங்கே பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டும் அதை ஒட்டிய காலமும்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் வேலூர், பிற்பகல் ஆற்காடு. இடையே சுமார் 25 கி.மீ.; பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை பகல் 12 முதல் 2 வரை ஜும்மா தொழுகை நேரம், அப்போது தவிர்த்துவிடுங்கள். வியாழன் மாலை தர்காக்களில் கூட்டம் அதிகம். பாத்திஹா (மறைந்தவருக்காக ஓதும் பிரார்த்தனை) பார்க்க நல்ல நேரம், கல்வெட்டு படிக்க மோசமான நேரம். ஏப்ரல், மே வெயிலில் வெறுங்காலோடு கல்தளத்தில் நிற்க முடியாது. ஒன்பது மணிக்குள் முடிக்கப் பாருங்கள், இல்லாவிட்டால் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலூரில் முதலில் போக வேண்டியது கோட்டைக்கு வெளியே சுமார் ஒரு கிலோமீட்டரில் உள்ள திப்பு குடும்பத்து அடக்கஸ்தலம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில்தான் வைத்தார்கள். 1806 ஜூலை சிப்பாய் எழுச்சிக்குப் பின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஹைதர் அலியின் மனைவி பக்‌ஷி பேகம் அதே 1806இல் இறந்தார். திப்புவின் மனைவி பாத்ஷா பேகம் 1834இல். இருவருக்கும் அடக்கம் இங்கேதான்.

உள்ளே போனதும் திசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கபரில் (கல்லறையில்) தலை வடக்கே, கால் தெற்கே, முகம் தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கி மேற்கே. கபர் மேட்டின் முதுகில் பேனாப் பெட்டி போல நீண்டு புடைத்திருந்தால் அது ஆணுடையது, தட்டையான பலகை வடிவம் இருந்தால் பெண்ணுடையது என்பது வழக்கம். பூச்சு மேல் பூச்சு ஏறியதில் புடைப்பு மழுங்கிப் போயிருக்கும், அதனால் தொலைவிலிருந்தே முடிவு கட்டிவிடாதீர்கள். கும்மட்டம் உள்ள பெரிய கட்டடங்களில் மேலே தெரிவது அடையாளக் கபராக மட்டும் இருக்கலாம். உடல் கீழே நிலவறையில் இருக்கும்.

பலரும் தடுக்கி விழும் இடம் தேதி. கல்லில் இருக்கும் அரபி எண்களை இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும். புள்ளி என்றால் பூஜ்ஜியம். நாம் பூஜ்ஜியம் என்று நினைக்கும் வட்டம் 5. ஆங்கில வி போல இருப்பது 7, அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் 8. கிடைத்த ஹிஜ்ரி (இஸ்லாமிய) ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். 1221 என்றால் 1184 + 622 = 1806. ஹிஜ்ரி ஆண்டு நம் காலண்டரில் இரண்டு ஆண்டுகளில் கால் வைக்கும் என்பதால் ஒன்று முன்னே பின்னே வரலாம். எண்ணே இல்லாமல் பாரசீகக் கவிதை மட்டும் இருந்தால் கடைசி வரியின் எழுத்துகளுக்குள் ஆண்டு ஒளிந்திருக்கும்: அலிஃப் 1, பே 2, காஃப் 20 என்று கூட்ட வேண்டும். அதை அங்கேயே நின்று கணக்குப் போட முயல வேண்டாம்; படம் எடுத்துவந்து அரபி, உருது தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எழுத்து மங்கலாக இருந்தால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பிவரும். சாக்பீஸ் தேய்ப்பது, சுண்ணாம்பைச் சாவியால் சுரண்டுவது, தண்ணீர் ஊற்றிக் கழுவுவது எல்லாம் கூடவே கூடாது. பொடி கல்லின் நுண்துளைகளில் புகுந்தால் திரும்ப வராது.

ஆற்காட்டில் திப்பு மஸ்தான் அவ்லியா தர்கா. திப்பு சுல்தானுக்குப் பெயர் வந்தது இவரால்தான். அடக்கஸ்தலத்தைக் கட்டியவர் நவாப் சாதத்துல்லா கான், 1729இல். அது கட்டிய ஆண்டு, மகான் மறைந்த ஆண்டு அல்ல. இந்தக் குழப்பம் எல்லா ஊரிலும் உண்டு, பழுதுபார்த்த ஆண்டைக்கூட இறந்த ஆண்டாக எழுதிவைப்பார்கள். 1732இல் இறந்த சாதத்துல்லா கானின் கபரும் ஆற்காட்டில்தான். பிற்கால ஆற்காட்டு நவாப் வாலாஜா முகமது அலியை இங்கே தேடாதீர்கள், அவர் அடக்கம் திருச்சியில். நேரம் மிஞ்சினால் ஆற்றங்கரையில் உள்ள பழைய கோட்டை வாசலான டெல்லி கேட்டையும் பார்த்துவிடலாம்.

தர்காவுக்குள் செருப்பைக் கழற்றி, தலையில் கைக்குட்டையோ முந்தானையோ போட்டு, கால்மாட்டுப் பக்கமாக நுழையுங்கள். பெண்களை உள்ளறைக்குள் விடுவது இடத்துக்கு இடம் மாறும். “பாய், உள்ளே வரலாமா? போட்டோ எடுக்கலாமா?” என்று முஜாவரிடம் (தர்காவைப் பராமரிப்பவரிடம்) கேட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. மையவாடியில் (அடக்கம் செய்யும் இடத்தில்) குறுக்குவழி கிடையாது; மேடே தெரியாத இடத்திலும் கபர் இருக்கும், நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். காணிக்கை போடுவதானால் உண்டியலில் போடுங்கள். தர்காவின் ஆண்டு விழாவான சந்தனக்கூடு பார்க்க நினைத்தால் போன வருடத் தேதியை நம்பிக் கிளம்ப வேண்டாம். பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும்.