பேச்சு போனவரின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க ஒரு வார நோட்டு

பக்கவாதத்தால் பேச்சு போனவரிடம் "மனசு கஷ்டமா இருக்கா?" என்று கேட்டு, அவர் தலையாட்டுவதை நம்பிவிடாதீர்கள். கூட இருப்பவர் ஒரு வாரம் கவனித்து, எத்தனை நாள் என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்: ராத்திரி தூக்கம் கெட்டதா, அழுதாரா, முகம் பார்ப்பதைத் தவிர்த்தாரா, வந்தவர்களோடு உட்கார மறுத்தாரா. அஃபேசியாவில் (மூளைக் காயத்தால் பேச்சும் மொழி புரிவதும் பாதிக்கப்படும் நிலை) 'ஆமாம்', 'இல்லை' மாறி வரலாம். கேள்வியே பாதிதான் புரிந்திருக்கலாம். பேச்சு போன பக்கவாத நோயாளிகளின் மனச்சோர்வை அளக்கும் எஸ்ஏடிக்யூ-எச்10 (SADQ-H10) படிவமும் இப்படித்தான், பார்த்த 10 நடத்தைகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறது. மொத்தம் 6 வந்தாலே மேற்கொண்டு பரிசோதனை தேவை.

சட்டென்று அழுது உடனே நின்றுவிட்டால், அது மனச்சோர்வாக இல்லாமல் மூளைக் காயத்தின் விளைவாகவும் இருக்கலாம், தனியாகக் குறியுங்கள். சாப்பாட்டை ஒதுக்கினாலோ தன்னைக் காயப்படுத்த முயன்றாலோ வாரம் முடியக் காத்திருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள்.