சுதந்திர தினமும் பிள்ளைகளும்: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் 14 மாலை வாடகை உடைக் கடைக்குப் போனால் காந்தி கண்ணாடி தீர்ந்திருக்கும், நேரு தொப்பி தீர்ந்திருக்கும். கட்டபொம்மன் தலைப்பாகை ஒன்று, அதுவும் பெரிய பையன்கள் அளவில், மிஞ்சியிருக்கும். அந்த நொடியில் யுகேஜி படிக்கும் பையன் கட்டபொம்மன் ஆகிவிடுகிறான். இரவோடு இரவாக நான்கு வரி வசனத்தை உருப்போட வைத்து, காலையில் மையால் மீசை வரைந்து, மேடையேற்றிப் படமெடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் சுதந்திர தினம் முடிந்துவிடுகிறது. தான் யாராக நின்றோம் என்று அவனுக்குத் தெரியாது. இந்த நாளில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த அவசரத்தில் பிறப்பவைதான்.

வேடத்தை ஒரு வாரம் முன்பே முடிவு செய்யுங்கள். உடைக்கு முன்னால் கதை வரட்டும். திருப்பூர் குமரனையே எடுத்துக்கொள்வோம். பள்ளி மேடைகளில் குமரன் பெரும்பாலும் அசோகச் சக்கரம் பதித்த கொடியைத்தான் பிடித்து நிற்பார். அவர் தடியடிபட்டு விழுந்தது 1932 ஜனவரி 10, மறுநாள் இறந்தார். சக்கரக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றதோ 1947 ஜூலை 22. குமரன் காலத்துக் காங்கிரஸ் கொடியின் நடுவில் ராட்டை இருந்தது. நுணுக்கம் பார்த்துக் குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். காகிதத்தில் ராட்டை வரைந்து கொடியில் ஒட்டச் சொல்லிப் பாருங்கள். "இது ஏன் கொடியில் இருக்கிறது?" என்று பிள்ளை கேட்காமல் இருக்காது. அந்நியத் துணியை ஏன் எரித்தார்கள், கதரை ஏன் உடுத்தினார்கள், சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் ஏன் கொடியோடு தெருவுக்கு வந்தார் என்று பேச்சு தானாக நீளும். நான்கு வரி வசனத்தை மறந்தாலும் இது மறக்காது.

ஒன்றில் மட்டும் பேரத்துக்கே இடம் கொடுக்கக் கூடாது. பகத்சிங் ஆனாலும் கட்டபொம்மன் ஆனாலும் தூக்குக் காட்சி வேண்டாம். பகத்சிங்கின் கடைசி நிமிடங்களை நடித்துப் பார்த்த சிறுவர்கள் கயிறு இறுகி இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. பெரியவர் பக்கத்தில் இருந்தாலும், பொம்மைக் கயிறு என்றாலும், இந்தக் காட்சி தேவையில்லை. மேடையில் பார்த்ததை வீட்டில் தனியாகச் செய்து பார்ப்பது பிள்ளைகளின் இயல்பு. மொட்டை மாடியில் இரும்புக் குழாயில் கொடி கட்டி நிமிர்த்தும் வேலையும் அவர்களுடையதல்ல. மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டுப் பெரியவர்களே செய்யட்டும்.

சட்டையில் கொடி குத்தக் குண்டூசி கொடுக்காமல் ஊக்கு கொடுங்கள். காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்கப் போகும் பிள்ளைக்கு இரண்டு இட்லியாவது ஊட்டி அனுப்புங்கள். சிறப்பு விருந்தினர் எப்போது வருவார் என்பது எந்தத் தலைமையாசிரியருக்கும் தெரியாது.

கொடி விஷயத்தில் சில வீடுகளில் அலட்சியம் கூடுதல், சில வீடுகளில் பயம் கூடுதல். வண்ணம் தீட்டும்போது பச்சையை மேலே போட்டுவிட்ட நான்கு வயதுப் பிள்ளையைத் "தேசத்துரோகம்" என்று மிரட்டியவர்களும் உண்டு. மூவண்ணமும் சக்கரமும் வரைந்த கேக்கை வெட்டியது குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே 2021இல் சொல்லிவிட்டது. நாம் கொஞ்சம் மூச்சு விடலாம். காவி மேலே இருக்க வேண்டும், கொடி தரையில் படக்கூடாது, அதன் மேல் எதையும் எழுதக்கூடாது, மேசை விரிப்பாகவோ இடுப்புக்குக் கீழே உடையாகவோ கொடியைப் பயன்படுத்தக்கூடாது. சிறுவர்களுக்கு இவ்வளவு போதும். மாலை ஆறு மணிக்குக் கொடியை இறக்கியே ஆக வேண்டும் என்று தாத்தா பிடிவாதம் பிடித்தால், வீட்டுக் கொடி இரவிலும் பறக்கலாம் என்று 2022இல் விதி மாறியதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லும் செய்திகளிலும் கவனம் வேண்டும். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக ஆண்டுதோறும் சுற்றும் தகவல் பொய். பொய்யைச் சொல்லி வளர்க்கும் பெருமிதம், பிள்ளை வளர்ந்து இணையத்தில் தேடும் நாளில் உடையும். உண்மையிலேயே சுவையான செய்திகள் நிறைய இருக்கின்றன. குடியரசு நாளுக்கு ஏன் ஜனவரி 26 என்று கேட்டால், 1930இல் அதே தேதியில்தான் முழு விடுதலை நாள் கொண்டாடினார்கள் என்று சொல்லலாம். 1947 ஆகஸ்ட் 15 அன்று காந்தி டெல்லிக் கொண்டாட்டத்தில் இல்லை. மதக் கலவரம் தணிய வேண்டும் என்று கல்கத்தாவில் தங்கி, அன்று உண்ணாவிரதம் இருந்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம். பக்கத்து நாட்டை வைது கைத்தட்டல் வாங்கும் வசனத்தை விட்டுவிட்டு இதைப் பேச வைக்கலாம்.

மிட்டாய் வாங்கியதும் வீட்டுக்கு வந்து தொலைக்காட்சிச் சிறப்புப் பட்டிமன்றத்தில் உட்காருவதும் ஒரு தவறுதான். கிராமத்தில் இருப்பவர்களுக்கு அன்று கிராம சபை உண்டு. பஞ்சாயத்துக் கணக்கைப் படிப்பதையும், எரியாத தெருவிளக்கைப் பற்றி ஒரு பாட்டி எழுந்து கேட்பதையும் பிள்ளை பார்க்கட்டும். அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் தூங்கிவிடும். சென்னையில் இருப்பவர்கள் கோட்டைக் கொடியேற்றத்தைத் தொலைக்காட்சியில் காட்டும்போது, 1974இல்தான் அங்கே சுதந்திர தினத்தில் முதலமைச்சர் கொடியேற்றும் உரிமை வந்தது, அதற்கு முன்பு ஆளுநர்தான் ஏற்றினார் என்று சொல்லலாம். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் அங்கிருந்து நல்ல விவாதமே கிளம்பும்.

கொடி வாங்கும்போது காகிதக் கொடியாகவே வாங்குங்கள். பிளாஸ்டிக் கொடிக்குத் தமிழ்நாட்டில் 2019 முதலே தடை. காகிதக் கொடியையும் நிகழ்ச்சி முடிந்ததும் தரையில் வீசக்கூடாது. ஒரு உறையைக் கொடுத்துப் பிள்ளையையே சேகரிக்கச் சொல்லுங்கள். கிழிந்தவற்றை மறைவாக, மரியாதையுடன் எரித்துவிடலாம். நல்லவற்றை ஜனவரிக்கு எடுத்து வைத்தால் பத்து ரூபாய் மிச்சம்.