இரைப்பைப் புற்றுநோயும் ஈ.பி.வி. சோதனையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பணம் கட்டினால் எந்த ரத்தச் சோதனையையும் செய்துகொள்ளலாம். நெஞ்செரிச்சல் என்று லேபுக்கு வருகிறவர், "புற்றுநோய் வரவைக்கிற வைரஸாமே, அதையும் சேர்த்துப் பாத்துடுங்க" என்று கேட்டால், முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அவர் சொல்வது எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக ஈ.பி.வி. 1964-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இரைப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் இது கட்டியின் செல்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. ஆனால் பெரியவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் இந்த வைரஸ் எச்சில் வழியாக எப்போதோ தொற்றி, உடம்பிலேயே தங்கிவிட்டது. ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. (முன்பு தொற்றியதைக் காட்டும் எதிர்ப்பொருள்) 'பாசிட்டிவ்' என்றால் ஊரில் எல்லோரையும் போலத்தான் நீங்களும் என்று பொருள். அதற்காகத் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்துவைக்க வேண்டியதில்லை. தென்சீனாவில் மூக்குத்தொண்டைப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய இதே வைரஸின் எதிர்ப்பொருள் சோதனை உதவுகிறது. அந்தக் கணக்கு இரைப்பைக்குப் பொருந்தாது.

இன்னொரு குழப்பம் ஹெலிகோபாக்டர் பைலோரி. அது வைரஸ் இல்லை, பாக்டீரியா. இரைப்பைப் புற்றுநோய்க்கு அதுதான் பெரிய காரணம், மருந்தால் ஒழிக்கவும் முடியும். ஆகவே பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ பார்க்காதீர்கள். அப்புறம், காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரையை (பான்டோபிரசோல் வகை) நிறுத்தாமல் மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்தால், கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரலாம். டாக்டரிடம் கேட்டு அதை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

சரி, ஈ.பி.வி.யை எங்கே தேடுவது? புற்றுநோய் என்று உறுதியான பிறகு, கட்டியின் சதையில். எண்டோஸ்கோபியில் எடுத்த துணுக்கில் 'எபெர்' என்ற வைரஸ் ஆர்.என்.ஏ.வை, அது இருக்கும் செல்லிலேயே நிறமேற்றிக் காட்டும் இன்-சிட்டு ஹைப்ரிடைசேஷன்தான் நம்பகமான சோதனை. ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும். அதனால் பாதித் தவறுகள் லேபுக்கு வெளியே, பஸ்ஸிலேயே நடந்துவிடுகின்றன. மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ எடுத்த துணுக்கு சலைன் பாட்டிலில் போடப்பட்டு, உறவினர் கையில் தஞ்சாவூர் வந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு பையில் கிடந்தால் அந்தச் சதையில் எதை நம்பித் தேடுவது? எடுத்த உடனேயே 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் (சதையைக் கெடாமல் காக்கும் திரவம்) போட வேண்டும். சதையின் அளவைப்போல் பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் ஊறினால் போதும். பாட்டிலில் இருப்பது என்ன என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

லேபுக்குள் நடக்கும் தவறுகள் வேறு. சதையை அரைத்து பி.சி.ஆர். (வைரஸின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்தால், கட்டிக்குள் புகுந்திருக்கும் லிம்போசைட்டில் (ஒருவகை வெள்ளணு) உள்ள வைரஸும் கணக்கில் வந்துவிடும். எபெரிலும் அப்படித்தான்: கட்டி செல்லின் உட்கரு நிறமேறினால்தான் பாசிட்டிவ், பக்கத்து லிம்போசைட் நிறமேறியதைச் சேர்க்கக் கூடாது. எல்.எம்.பி.1 என்ற வைரஸ் புரதத்தைக் காட்டும் சாயத்தை மட்டும் நம்பி நெகட்டிவ் என்று எழுதுவதும் தவறு. இரைப்பைக் கட்டிகளில் அந்தப் புரதம் பெரும்பாலும் வெளிப்படுவதே இல்லை. ஆர்.என்.ஏ. நல்ல நிலையில் இருந்ததைக் காட்டும் கண்ட்ரோல் (ஒப்பீட்டுச் சோதனை) இல்லாத நெகட்டிவ் ரிப்போர்ட்டை நான் ரிப்போர்ட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இரைப்பையின் மேற்பகுதியில் வரும் கட்டி, லிம்போசைட் நிறைந்த கட்டி, முன்பு அல்சருக்காக வெட்டியெடுத்ததுபோக மிஞ்சிய இரைப்பையில் வரும் கட்டி ஆகியவற்றில் இந்த வைரஸ் கூடுதலாகக் காணப்படுகிறது. பழைய ஆபரேஷனை "அதெல்லாம் அந்தக் காலத்துல" என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஈ.பி.வி. கட்டிகளில், எதிர்ப்பு செல்களை அடக்கும் பி.டி.-எல்.1 புரதம் அதிகமாக இருப்பது வழக்கம்; இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டு புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை) பற்றி முடிவெடுக்க இந்த ரிப்போர்ட் உதவலாம். ஆனால் இதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

எடை குறைவு, கறுப்பு மலம், விழுங்கச் சிரமம், காரணம் தெரியாத ரத்தசோகை இருந்தால் எண்டோஸ்கோபிக்கே நேராகப் போங்கள். சென்னைக்கோ வேலூருக்கோ மேல் சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஸ்லைடோடு, சதைத் துணுக்கைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். விட்டுப்போன சோதனையை அதிலிருந்து பிறகும் செய்யலாம். சித்திரை வெயிலில் அதை வண்டி டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.