நீண்ட செஸ் மேட் புதிர்களைக் கணினியில் தீர்ப்பது எப்படி

ஸ்டாக்ஃபிஷ் ஆட்டத்தை ஜெயிக்க எழுதப்பட்ட எஞ்சின். புதிர் தீர்க்க அல்ல. 15 நகர்த்தல் மேட்டை, அதாவது எதிராளியின் ராஜாவை 15 நகர்த்தல்களில் தப்ப முடியாமல் மடக்கும் வழியை, பெரும்பாலும் பிடித்துவிடும். 90 நகர்த்தல் புதிரை அப்படியே கொடுத்தால் இரவெல்லாம் ஓடியும் யார் எவ்வளவு முன்னிலை என்ற வெறும் சாதகப் புள்ளியைக் காட்டிக்கொண்டு நிற்கலாம்.

முக்கியக் காரணம், அது கிளைகளை வெட்டும் விதம். 'என் முறையை விட்டுக்கொடுத்தாலே நிலைமை தாங்குகிறது, அப்படியானால் நகர்த்தினாலும் தாங்கும்' என்று ஊகித்து மேலே தேடாமல் விட்டுவிடும். நீண்ட மேட் புதிர்களில் கறுப்பைக் கொல்வதே நகர்த்தியாக வேண்டிய கட்டாயம்தான், அதாவது சுக்ஸ்வாங். அங்கே இந்த ஊகம் பொய்த்துவிடும். இன்னொரு வரம்பும் உண்டு: ஸ்டாக்ஃபிஷின் தேடல் 246 அரை நகர்த்தல்களோடு (ஒரு பக்கம் ஒருமுறை நகர்த்துவது அரை நகர்த்தல்) நின்றுவிடும். ஆகவே 123 நகர்த்தலுக்கு மேற்பட்ட மேட்டை அதால் ஒரே மூச்சில் சொல்லவே முடியாது. ஹங்கேரிய மின்பொறியாளர் ஒட்டோ பிளாத்தி (1860–1939) அமைத்த 290 நகர்த்தல் புதிரைத் துண்டு துண்டாகத்தான் உடைக்க வேண்டும்.

முதலில் அமைப்புகள். த்ரெட்ஸை (ஒரே நேரத்தில் ஓடும் தேடல் இழைகள்) கணினியின் கோர்களின் எண்ணிக்கைக்கு வைத்து, அதற்குப் பிறகு ஹாஷ் (தேடிய முடிவுகளைச் சேமிக்கும் நினைவகம்) கொடுங்கள். 8 ஜிபி ராம் என்றால் 4096 எம்பி. இயல்பாக இருக்கும் 16 எம்பி எதற்கும் போதாது. மல்டிபிவி (எத்தனை சிறந்த வழிகளைக் காட்ட வேண்டும் என்பது) 1. சிசிஜி டேபிள்பேஸ் (சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவுகளைக் கொண்ட தரவுத்தளம்) இணைத்திருந்தால் அதன் 50 நகர்த்தல் விதியை (சிப்பாய் நகராமலும் காய் வெட்டாமலும் 50 நகர்த்தல் போனால் டிரா) அணைத்துவிடுங்கள், புதிர்களுக்கு அந்த விதி கிடையாது. ஆனால் எஞ்சினின் சொந்தத் தேடலில் அந்த விதி அப்போதும் இருக்கும்.

அடுத்து கண்ணால் பாருங்கள். இந்தப் புதிர்களில் பெரும்பாலும் வெள்ளை ஒரு சுற்று சுற்றி அதே இடத்துக்கு வரும், கறுப்பு ஒரு சிப்பாயை நகர்த்தித் தீர வேண்டியிருக்கும். சுற்றுக்கு 7 நகர்த்தல், கறுப்பிடம் 12 சிப்பாய் நகர்த்தல்கள், இறுதித் தாக்குதலுக்கு 9 என்று வைத்துக்கொண்டால், 7 × 12 + 9 = 93. இந்தக் கணக்கு புதிரின் எண்ணோடு ஒத்துப்போனால் வழி கிட்டத்தட்ட சரி.

இனி வேலை கடைசியிலிருந்து. தொடக்க நிலையை ஏற்றி, ஊகித்த வழியைச் சிப்பாய்கள் தீரும் இடம்வரை ஆடிவிடுங்கள். அங்கே எஞ்சினை ஓடவிட்டால் மேட் 9 விரைவில் வரும். அம்புக்குறியால் ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னே வாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் மேட் எண் உறுதியாகும்வரை காத்திருங்கள். ஹாஷில் பதிந்த முடிவுகள் முன்நிலைகளுக்குக் கைகொடுக்கும். நடுவில் 'புதிய ஆட்டம்' அழுத்தினாலோ எஃப்இஎன்னை (பலகையின் நிலையைக் குறிக்கும் எழுத்து வரி) மறுபடி ஒட்டினாலோ பல மென்பொருள்கள் ஹாஷைத் துடைத்துவிடும். உழைப்பெல்லாம் வீண்! திடீரென்று 0.00, அதாவது டிரா, வந்தால், நீங்கள் ஆடிய வழியில் ஒரே நிலை திரும்ப வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கறுப்பின் முறை வரும் இடங்களில் மல்டிபிவியை 3 அல்லது 4 ஆக்குங்கள். எல்லாத் தற்காப்புக்கும் மேட் எண் வர வேண்டும், அவற்றில் பெரியதுதான் உண்மையான நீளம். ஒன்றுக்கு மட்டும் எண் வராவிட்டால் அந்த நகர்த்தலை ஆடி, அந்தக் கிளையைத் தனியாகத் தீருங்கள்.

இவ்வளவு செய்தும் கிடைப்பது '93-க்குள் மேட் உண்டு' என்பதே. 92-இல் இல்லை என்று ஸ்டாக்ஃபிஷ் நிரூபிக்காது. அதற்கு ஹைனர் மார்க்ஸன் எழுதிய செஸ்ட், அல்லது பாப்பாய் போன்ற, எதையும் விடாமல் தேடும் நிரல்கள் வேண்டும். அவற்றின் நேரமோ ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பல மடங்கு ஏறும். முழுப் புதிரையும் கொடுக்காமல், இறுதித் தாக்குதலின் கடைசி ஐந்தாறு நகர்த்தல்களை மட்டும் கொடுங்கள்.